இடது இடுப்பு

பஞ்சநதம் காளியம்மாளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார் என்பதுதான் ஊரில் முதலில் பரவியது. அவருடைய கார் அவளை இடித்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கார் யாரை வேண்டுமானாலும் இடிக்கும், அதில் என்ன அதிசயம்? மாட்டுக்கொட்டகையைத் தாண்டி அவளை விடாத மனுஷன், நடுரோட்டில் இறங்கி, முழங்கைக்கு மேலே பிடித்துத் தூக்கி நிறுத்தினார் என்றால் ஊர் வாயைப் பிளக்காமல் என்ன செய்யும்?

இடியும் பெரிய இடி இல்லை. சித்திரை மாதம், வாய்க்கால் காய்ந்து கிடந்தது. காளியம்மாள் வயலுக்கு எரு சுமந்துகொண்டிருந்தாள். மதகுத் திருப்பத்தில் அம்பாசடர் வந்த வேகத்துக்கு அவள் ஒதுங்கின வேகம் பற்றவில்லை. கதவோ கண்ணாடியோ, ஏதோ ஒன்று உரசியது. எருக்கூடை காரின் மூக்கில் கவிழ்ந்தது, அவள் மதகுக் கட்டையில் போய் விழுந்தாள். வலது இடுப்பில் நல்ல அடி. முழங்கையில் சிராய்ப்பு. வேறு யாருடைய வண்டியாக இருந்திருந்தால் மண்ணைத் தட்டிக்கொண்டு, நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருப்பாள். பளபளவென்று இருந்த அந்தக் காரின் மேல் எரு வழிவதைப் பார்த்துத்தான் அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது.

பஞ்சநதம் கோபப்படவில்லை. அங்கேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

அவருடைய ஆறு மா நிலத்தை, ரெண்டு ஏக்கர் இருக்கும், அவள் புருஷன் அரசப்பன் குத்தகைக்குச் செய்துவந்தான். குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். சட்டம் போட்ட கட்சியின் கரைவேட்டியைத்தான் பஞ்சநதமும் கட்டியிருந்தார், அது வேறு விஷயம். விவசாயச் சங்கத்துக்காரர்கள் முன்னால் நின்று அரசப்பனின் பெயரைப் பதிய வைத்தார்கள். பதிந்துவிட்டால் நினைத்த நேரத்தில் இறங்கு என்று சொல்ல முடியாது. அந்த வருஷ அறுப்பில் பஞ்சநதத்தின் ஆட்கள் களத்தில் புகுந்து அடித்ததில் அரசப்பனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அந்த வலிக்கு யாரும் கேஸ் போடச் சொல்லவில்லை. அவன் செத்த பிறகு பதிவு காளியம்மாள் பேருக்கு வந்தது. அன்றிலிருந்து பஞ்சநதம் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குத்தகை நெல்லைக்கூடக் காரியக்காரர்தான் வந்து அளந்துகொண்டு போவார்.

அந்த மனுஷன் வேட்டியில் எரு தெறிக்க நின்று, “அடி பலமாம்மா?” என்று கேட்டார். காளியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் வந்த அழுகை இல்லை அது.

மறுநாள் சாயங்காலம் அவர் அவர்களுடைய தெருமுனைக்கே வந்தார். உள்ளே வரவில்லை, வேப்பமரத்தடியில் நின்று ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

“என் பேர்ல கேஸ் போடு, காளியம்மா.”

“ஐயா பேர்லயா? நான் எப்படிங்க…”

“நானே சொல்றேன்ல, போடு. என் கையிலேருந்து ஒரு பைசா போகாது. இன்சூரன்ஸ்காரன் குடுக்கப்போறான். வருஷாவருஷம் அவனுக்குக் கொட்டி அழறேனே, அதுல உனக்கு ஒரு வழி பொறக்கட்டும். செல்லதுரைன்னு வக்கீல் குமாஸ்தா ஒருத்தன் இருக்கான். அவன் எல்லாம் பார்த்துப்பான்.”

அவர் போன பிறகும் காளியம்மாள் வேப்பமரத்தடியிலேயே நின்றாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு ஜோடி உழவு மாடு. ஒவ்வொரு பட்டத்துக்கும் ஏருக்கு அடுத்தவன் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. ஊரில் எல்லா வயலும் உழுது முடித்த பிறகுதான் அவள் வயலுக்கு ஏர் வரும். சொந்த மாடு இருந்தால் அந்த நிலத்தில் நிமிர்ந்து நிற்கலாம். மகளைப் பேராவூரணிப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று, இனிமேல் அவளுக்கு அந்த ஆறு மாவை விட்டால் வேறு யார்?

கொழுந்தன் வீரையன் சங்கத்தில் இருக்கிறவன். அவனிடம் சொன்னால், “அந்தாளு நிழல்லகூட நிக்காதீங்க அண்ணி” என்பான். அதனாலேயே அவனிடம் சொல்லவில்லை.

செல்லதுரை அவளை மன்னார்குடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். குளத்தங்கரைக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி. டாக்டர் அவளைத் தொடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே, “எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“இடுப்புங்க சார். இடது,” என்றான் செல்லதுரை.

“வலதுங்க,” என்றாள் காளியம்மாள்.

டாக்டர் அதற்குள் எழுதி முடித்திருந்தார். செல்லதுரையைப் பார்த்தார். செல்லதுரை அவளைப் பார்த்தான்.

“எழுதியாச்சு. முத்திரையும் குத்தியாச்சு. இடதுன்னே இருக்கட்டும். எந்தப் பக்கமா இருந்தா என்ன, இடுப்பு ஒன்னுதானே?” என்றான் அவன்.

“வலிக்கிறது இந்தப் பக்கம்ங்களே…”

“வலிக்கிறதைப் பத்தி இப்ப யாரு கேட்டா?” என்று டாக்டர் காதைத் துடைத்துக்கொண்டார். மேஜைமேல் வைத்த பேனா மூடியில் மஞ்சளாக அழுக்கு ஒட்டியிருந்தது. காளியம்மாள் வெளியே வந்து சந்தில் காறித் துப்பினாள். தினமும் சாணி அள்ளுகிற கைதான் அவளுடையது, அதில் ஒருநாளும் அவளுக்கு அருவருப்பு வந்ததில்லை.

அதற்கப்புறம் ஆரம்பித்தது ஒத்திகை. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு டைப் அடிக்கிற கடை. அதன் உள்ளறையில் செல்லதுரை வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்து காட்ட வேண்டும்.

“இடது காலை இழு. இன்னும் இழு. நீ என்ன சந்தைக்குப் போறமாதிரி போறே? இழும்மா. பாரத்தை எல்லாம் வலது கால்ல போடு.”

பாரத்தை எல்லாம் வலது காலில் போட்டாள். நிஜ வலி இருந்த பக்கம் அது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்புக்குள் ஏதோ நறுக்கென்றது.

“முனகலும் சரியில்ல. சும்மா ‘ஸ்ஸ்’ங்கறே. இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு வந்து பார்த்தா நம்பணும்ல? ‘அம்மா’ன்னு இழுக்கணும். இழுத்துட்டு மூச்சை உள்ள வாங்கி நிறுத்தணும். அப்புறம் மெதுவா விடணும். எங்கே, சொல்லு.”

“அம்மா…”

“மூச்சு.”

மூச்சை உள்ளே வாங்கி நிறுத்தினாள்.

“இங்கதானே வலிக்குது?” என்று அவன் எழுந்துவந்து இடது இடுப்பில் ஒரு விரலை வைத்து அழுத்தினான். வெற்றிலை எச்சில் உதட்டோரத்தில் சிவப்பாக வழிந்தது. விரல் வேண்டிய நேரத்தைவிடக் கூடுதல் நேரம் அங்கேயே இருந்தது. கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். மாட்டுக் காசு அவள் கையைக் கட்டிப்போட்டது. “ஆமாங்க,” என்றாள். அந்த ‘ஆமாங்க’வைச் சொன்ன வாயைப் பிய்த்து எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

கோர்ட்டில் சத்தியம் பண்ணிக் கொடுக்க வேண்டிய மனுவை அவன் படித்துச் சொன்னான். குனிய முடியாது. சேற்றில் இறங்க முடியாது. இனி ஆயுசுக்கும் வயல்வேலை செய்ய லாயக்கில்லை. நிலத்தைத் தானாகச் சாகுபடி செய்ய முடியாது, உதவிக்குக் குடும்பத்தில் யாரும் இல்லை. வைத்தியத்துக்கு இவ்வளவு, வருமான இழப்புக்கு இவ்வளவு, வலிக்கும் வேதனைக்கும் தனியாக இவ்வளவு.

“சாகுபடியே செய்ய முடியாதுன்னா எழுதியிருக்கு?”

“பின்னே? செய்ய முடியும்னு எழுதினா எவன் குடுப்பான்? இது இந்தக் கோர்ட்டுக்கு மட்டும்தான். காசு கைக்கு வந்ததும் நீ எருமையைத் தூக்கிக்கிட்டு நட, யாரு கேக்கப்போறா?”

அவள் கட்டைவிரலை மையில் புரட்டி வைத்தாள். மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு தொடங்கியது. கம்பெனி ஆள் எந்த நேரமும் வந்து ஒளிந்து நின்று பார்ப்பான், அதனால் வயலில் காலை வைக்கவே கூடாது என்று செல்லதுரை சொல்லியிருந்தான். முப்பது வருஷமாக நடவுக்குக் குனிந்த பெண்பிள்ளை கையில் கம்போடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ராமாயியும் மற்ற பெண்களும் கூலிக்கு நட்டார்கள். ராமாயி அவளோடு ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். நடவில் எப்போதும் அவளுக்குப் பக்கத்து ஆள்.

“அம்மாளுக்குக் கொடை புடிக்க ஆளு வேணுமா?” என்று ராமாயி சேற்றில் நின்றபடி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

காளியம்மாளும் சிரித்தாள். சொன்னால் கேவலம்தான், அவளுக்கு அது பிடித்திருந்தது. வெயிலில் மற்றவர்கள் முதுகு வளைய, தான் உட்கார்ந்து “அந்த மூலை சந்து விழுது பாரு” என்று அதிகாரம் பண்ணுவது பிடித்திருந்தது. மூன்றாம் நாள், நாற்று முடியை வீசி எறியச் சொல்லிக் கம்பை நீட்டியவள், அந்தக் கம்பு நீண்டிருந்த தினுசைத் தானே பார்த்தாள். பஞ்சநதத்தின் காரியக்காரர் அப்படித்தான் நீட்டுவார். சட்டென்று கம்பை மடியில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் வரப்பை விட்டு இறங்கவில்லை.

நாளாக நாளாக வலது இடுப்பு வலி கெட்டிப்பட்டது. முதலில் இடுப்போடு இருந்தது, பிறகு தொடையில் இறங்கியது. ஊரார் பார்வைக்கு இடது காலை இழுத்து இழுத்து, அடிபட்ட பக்கத்திலேயே பாரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது அவளையறியாமல் கை வலது பக்கம் போகும். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, கையை இடது பக்கம் மாற்றிக்கொள்வாள்.

ஆவணியில் வருவாய்க் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. குத்தகை வழக்குகளை விசாரிக்கிற கோர்ட்டு அது. இன்சூரன்ஸ் விஷயம் என்று நினைத்து அதைச் செல்லதுரையிடம் கொண்டுபோகத்தான் கிளம்பினாள். வழியில் வீரையன் பார்த்துவிட்டான். வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் கறுத்தது.

“என்ன காரியம் பண்ணிவச்சிருக்கீங்க அண்ணி?”

“என்ன தம்பி?”

“தன் ஒடம்பால, இல்ல தன் குடும்பத்து ஆளு ஒடம்பால ஒழைச்சுச் சாகுபடி பண்றவங்கதான் குத்தகைக்காரங்க. சட்டம் அதைத்தான் சொல்லுது. ஒழைக்கலேன்னா பதிவு செல்லாது. நீங்க ஒழைக்க முடியாதுன்னு, குடும்பத்துல ஆளு இல்லேன்னு, நீங்களே சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க. அந்த மனுவோட நகலை வச்சே ஒங்களை எறக்கச் சொல்லிக் கேஸ் போட்டிருக்கான் பஞ்சநதம். குறுவைக்கு நீங்க வரப்புல குந்தியிருந்ததுக்குச் சாட்சி வேற நாலு பேரு.”

காளியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணன் பல்லு ரெண்டும் அந்தக் களத்துலதான் கெடக்கு,” என்றான் வீரையன். நோட்டீஸை மடித்து அவள் கையில் வைத்தான். திட்டியிருந்தால் தேவலாம்.

அவள் நேரே பஞ்சநதத்தின் வீட்டுக்குப் போனாள். கொல்லைப்பக்கமாகத்தான். அவர் மாட்டுக்கொட்டகையில் நின்று புது மாடுகளுக்குக் கொம்பு சீவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காங்கேயம் ஜோடி. அவள் கனவில் பார்த்தது மாதிரியே இருந்தன. பக்கத்துப் பெஞ்சில் செல்லதுரை காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, டம்ளரோடு உள்ளே போய்விட்டான்.

“ஐயா, நீங்க சொல்லித்தானே…”

“நான் என்னம்மா சொன்னேன்? கேஸ் போடுன்னேன். ஒழைக்க முடியலேன்னு நீ சொன்னே, நானா சொன்னேன்?” குரலில் துளிகூடக் கடுமை இல்லை. வேட்டியில் எரு தெறித்த அன்றைக்கு இருந்த அதே கனிவு. “ஒடம்பு முடியாதவளை வச்சு வேலை வாங்கினா அது பாவம். இன்சூரன்ஸ் காசு வரும். மகளோட போயி நிம்மதியா இரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் சிரித்தபோது ஒன்று தெரிந்தது. இடி தற்செயல்தான். காரிலிருந்து இறங்கி அவளைத் தூக்குவதற்குள் அவருக்கு யோசனை பிறந்துவிட்டது. அவர் பிடித்துத் தூக்கியது அந்த ஆறு மாவை. அதைப் போய் மனுஷத்தனம் என்று நினைத்து, ராத்திரி நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். தூ!

வரும் வழியில் வாய்க்கால் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. காளியம்மாள் படியில் இறங்கி, அவர் கை பட்ட இடத்தை மண்ணள்ளித் தேய்த்தாள். முழங்கைக்கு மேலே தோல் கன்றிச் சிவக்கும் வரை தேய்த்தாள். செல்லதுரை விரல் வைத்த இடத்தைச் சேலையோடு சேர்த்துத் தேய்த்தாள். ரேகை வைத்த கட்டைவிரலைப் படிக்கல்லில் உரசினாள். எதுவும் போகவில்லை. போகிற அழுக்கா அது? அவள் முனகக் கற்றுக்கொண்டாளே, அதை எந்த வாய்க்காலில் போய்க் கழுவுவது?

இன்சூரன்ஸ் வழக்கை வாபஸ் வாங்கச் சங்கத்து வக்கீல் எழுதிக்கொடுத்தார். மாட்டுக் கனவு அதோடு போயிற்று. தன் அலைச்சலுக்குக் கூலி வேண்டும் என்று செல்லதுரை ஆளனுப்பினான் என்றால் அவன் தோல் எவ்வளவு தடிமன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் விசாரணை. அதிகாரி நடுவயதுக்காரர், மூக்கில் சளி அடைத்துக்கொண்டு பேசினார்.

“இது உங்க ரேகைதானாம்மா?”

“ஆமாங்க.”

“வயல்வேலை செய்யவே முடியாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. இப்ப முடியும்ங்கறீங்க. எது பொய்?”

காளியம்மாள் வாயைத் திறந்தாள். உண்மை தொண்டைவரை வந்தது. ஐயா, அடிபட்டது நிஜம். வலிக்கிறதும் நிஜம். இடது பக்கம் இல்லை, வலது பக்கம். வலிக்கிறது, ஆனாலும் நான் உழைப்பேன், வலியோடு உழைக்காத நாள் என்று எங்களுக்கு எது இருந்தது? இதைச் சொல்ல அந்தக் கோர்ட்டிலும் இடமில்லை, இந்தக் கோர்ட்டிலும் இடமில்லை. அங்கே முழுசாக நொண்டியாக வேண்டும். இங்கே முழுசாகத் திடமாக நிற்க வேண்டும். பின் பெஞ்சில் பஞ்சநதம் துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். வலிக்கிறது என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“அதுதான் பொய்ங்க. காசுக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன். எனக்கு ஒரு வலியும் இல்லீங்க.”

பஞ்சநதத்தின் வக்கீல் சிரித்தார். “பொய்ச் சத்தியம் பண்ணினதை வாயாலேயே ஒத்துக்கறா சார். இவ சொல்ற எதைத்தான் நம்பறது?”

அதிகாரிக்கும் அதே சந்தேகம். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: “அடுத்த நடவு எப்போ? நானே வந்து பார்க்கறேன். எறங்கி நட்டுக் காட்டட்டும்.”

இரண்டாம் போகத்துத் தாளடி நடவு ஐப்பசியில் விழுந்தது. முந்தின நாள் வரை அடைமழை. அன்றைக்கு மட்டும் வெளுத்திருந்தது. ஜீப்பில் அதிகாரி வந்தார். பின்னாலேயே அந்த அம்பாசடரும் வந்து மதகருகில் நின்றது. வரப்பில் நாற்காலி போட்டார்கள். தலையாரி குடை பிடித்தார். பஞ்சநதம் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். வயலில் ஊரே கூடிவிட்டது. ஒரு பெண்பிள்ளை குனிந்து நாற்று நடுவதை வேடிக்கை பார்க்க இத்தனை பேர் வந்தது அந்த ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

காளியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் சேறு. பெண்கள் வரிசையாக நின்று குலவை போட்டார்கள். அவள் குரலும் அதில் இருந்தது. குனிந்தாள்.

முதல் முடி நாற்று வரை ஒன்றுமில்லை. இரண்டாவது முடியில் வலது இடுப்பு கூப்பிட்டது. நடவென்றால் பின்பக்கமாகவே போக வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கிப் பின்னால் வைக்க வேண்டும். வலது காலைப் பிடுங்கும்போதெல்லாம் இடுப்பிலிருந்து குதிகால் வரை சூடு வைத்தது போல் ஓடியது. கண்ணில் நீர் முட்டியது. தலை கவிழ்ந்திருந்ததால் அது நேரே சேற்றில் விழுந்தது, நல்லவேளை யார் கண்ணிலும் படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நட்டாள். விரல் தன்பாட்டுக்கு நாற்றைப் பிரித்தது, தன்பாட்டுக்கு ஊன்றியது.

பக்கத்தில் நட்ட ராமாயிக்குத் தெரிந்துவிட்டது. கையை அகலமாக வீசி, காளியம்மாளின் பங்கிலும் இரண்டு குத்து நட்டாள்.

“எடு கையை,” என்றாள் காளியம்மாள் பல்லுக்கிடையில். “பாக்கறான்.”

“செத்துப்போயிடுவே அக்கா.”

“எடு.”

ராமாயி கையைச் சுருக்கிக்கொண்டாள்.

பாதி வயல் முடிந்தபோது அதிகாரி, “போதும்மா, மேல வாங்க,” என்று கூப்பிட்டார். காளியம்மாள் நிமிர்ந்தாள். ஒரே வீச்சில், இடுப்பில் கை வைக்காமல் நிமிர்ந்தாள். வரப்பு உயரமான வரப்பு, மழையில் வழுக்கலாக வேறு இருந்தது. ஏறும் இடத்தில் பஞ்சநதம் வந்து நின்று, குனிந்து, எல்லோரும் பார்க்கக் கையை நீட்டினார்.

“கையைக் குடு காளியம்மா. பாவம், முடியாம ஏறாதே.”

மோதிரம் போட்ட, வழவழப்பான கை. பிடித்தால் முடியவில்லை என்று அர்த்தம். அவள் இரண்டு கையாலும் வரப்புப் புல்லைப் பற்றினாள். வலது காலை, வேண்டுமென்றே அந்தக் காலையே தூக்கி வைத்து, உந்தி ஏறினாள். உள்ளே ஏதோ கிழிந்ததுபோல் இருந்தது. ஏறிய வேகத்தில் அவள் முழங்கைச் சேறு பஞ்சநதத்தின் வேட்டியில் அப்பியது. இந்தத் தடவை அவர் முகம் சுளித்தார்.

“இடுப்பு வலி ஏதாவது இருக்காம்மா?” என்றார் அதிகாரி.

“இல்லீங்க.”

“இடது பக்கம்?”

“இல்லீங்க.”

“வேற எங்கயாவது?”

“எங்கயும் இல்லீங்க ஐயா. நல்லாருக்கேன்.” சிரித்தும் காட்டினாள்.

அதிகாரி எழுந்துகொண்டார். “உழைச்சுத்தான் சாகுபடி பண்றாங்க. பதிவு இவங்க பேர்லயே இருக்கும்னு எழுதிடறேன்,” என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னார். வீரையன் துண்டை உதறித் தலைக்கு மேலே சுற்றினான். பெண்கள் வயலிலிருந்தே இன்னொரு குலவை போட்டார்கள். பஞ்சநதம் காருக்கு நடந்தார்.

ஜீப் போயிற்று. அம்பாசடர் மதகைத் தாண்டித் திரும்பி மறையும் வரை காளியம்மாள் வரப்பில் நேராக நின்றாள். அப்புறம் கால் மடங்கியது. ராமாயி ஓடிவந்து தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள்.

“எல்லாரும் போயிட்டாங்க. இனிமே என்ன? வலிச்சா வாய்விட்டு அழுதுடு அக்கா.”

காளியம்மாள் வலது இடுப்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். இத்தனை மாசத்தில் நிஜமான இடத்தில் நிஜமாகக் கை வைத்தது அப்போதுதான். வாயைத் திறந்தாள்.

“அம்மா…” என்று இழுத்தது குரல். மூச்சு தானாக உள்ளே போய் நின்றது. பிறகு மெதுவாக வெளியே வந்தது.

அப்படியே அச்சாக, அந்த டைப் கடை உள்ளறையில் வெற்றிலை எச்சில் வழிய நின்றவன் சொல்லிக்கொடுத்த முனகல். அவளுக்கென்று சொந்தமாக ஒரு முனகல் இருந்ததே, அது எங்கே போயிற்று என்று தேடினாள். வரவில்லை. மறுபடியும் தொண்டையில் செல்லதுரையின் ‘அம்மா’தான் கிளம்பியது.

“சீ,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா?”

“ஒன்னுமில்ல.” வரப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “அந்த நாத்து முடியை எடு. இன்னும் பாதி வயல் கெடக்கு.”